உள்ளங்கை வெல்லம்

வயிற்றில் பாதிக்குமேல் வெட்டி எடுத்துவிட்டதாக டாக்டர் சொன்னபோது, நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி எப்போது வேலைக்குப் போகலாம் என்பதுதான். அவர் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. சிலோனிலிருந்து வந்து சேரங்கோட்டுப் பக்கம் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்து ஐந்து வருஷம்கூட ஆகவில்லை. வேலை என் பேரில். லயம் என்கிற வரிசை வீட்டில் எங்களுக்குக் கொடுத்த அறை அந்த வேலையின் பேரில். என் கணவருக்குச் செடியைக் கவ்வாத்து வெட்டும் காலத்தில் மட்டும் கூப்பிடுகிற தினக்கூலி. நான் படுத்துவிட்டால் பிள்ளைகளோடு நாலு பேரும் மறுபடி பெட்டியைத் தூக்க வேண்டியதுதான். கப்பலேறி, முகாமில் கிடந்து, மலையேறி வந்தவர்கள் நாங்கள். இன்னொரு தரம் பெட்டி கட்டுவதை நினைத்தாலே தையல் போட்ட இடம் இழுத்தது.

வயிற்றுப்புண்ணை நானேதான் வளர்த்தேன். விடிகாலையில் வெறும் வயிற்றில் தேத்தண்ணி, அப்புறம் வெற்றிலை, பத்து மணிக்கு மறுபடி தேத்தண்ணி, மத்தியானம் நின்றுகொண்டே விழுங்குகிற ரொட்டி. எனக்கு எதிலும் பொறுமை கிடையாது. மற்றவர்கள் பொட்டலத்தை அவிழ்ப்பதற்குள் நான் கை கழுவிவிடுவேன். வலித்தால் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி. கடைசியில் ஒருநாள் கொழுந்து எடுக்கும்போதே ரத்தமாக வாந்தி எடுத்தேன். லாரியில் போட்டு மலைக்குக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும் அன்று டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடிதான், ஆனால் நாளுக்கு ஆறு வேளை. ஒவ்வொரு வாயும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. இனிப்பு அறவே ஆகாது, இருக்கிற துண்டு வயிற்றில் அது நிற்காமல் நேரே குடலுக்கு இறங்கிப் படபடப்பையும் மயக்கத்தையும் கொண்டுவரும் என்றார்.

"டீயில சர்க்கரை, வெல்லம் ஏதாச்சும் போடுவீங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க ஐயா" என்றேன். சத்தியமான பதில்.

வீட்டுக்கு வந்த அன்று என் கணவர் தட்டில் சோற்றைக் குவித்து வைத்தார். நான் நாலு வாய் தின்றுவிட்டு நகர்த்தியதும் அவர் முகம் சுண்டிவிட்டது. "திங்காம எப்புடி ஒடம்பு தேறும்?" என்று அதட்டினார். தின்றால்தான் தேறாது என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது? முகாமில் வரிசையில் நின்று சோறு வாங்கிய நாட்களுக்குப் பிறகு, மீதி வைத்த தட்டைப் பார்த்தால் எங்கள் ஆட்களுக்கு வயிறு எரியும். எனக்கும் எரிந்தது. அந்த மீதியைப் பிள்ளைகள் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மெல்லுவது என்னைப் பைத்தியமாக்கியது. ரொட்டித் துண்டு ஒன்றை அவசரத்தில் விழுங்கி, அது நெஞ்சுக்குழியில் நின்றுகொண்டு மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் அரை நாள் அழவைத்தது. பிறகுதான் வழிக்கு வந்தேன். குழைந்த பருப்பு, மசித்த கீரை, முள் எடுத்த மீன். முன்னைவிட நல்ல சாப்பாடுதான், ஆனால் ஒவ்வொரு வேளையும் பூனை தின்கிற அளவு. தின்று முடித்த கையோடு அடுத்த வேளை வந்து நிற்கும். நாள் முழுக்க இதே வேலையாக இருந்தால் மற்ற வேலையை எப்போது செய்வது என்று சுவரைப் பார்த்துத் திட்டுவேன்.

லீவு முடிந்து வேலைக்குப் போனேன். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குக்குள் மூன்று சின்னப் பொட்டலங்களைச் செருகிக்கொள்வேன். யாரும் பார்க்காதபோது தேயிலைச் செடிக்கு நடுவே குனிந்து ஒரு வாய் போட்டு மென்றுகொண்டே கொழுந்து எடுப்பேன். அதில் தேறிவிட்டேன். ஆனால் பத்து மணித் தேத்தண்ணி முடிந்து கொஞ்ச நேரத்தில் நெஞ்சு அடித்துக்கொள்ளும். வேர்த்துக் கொட்டும். கண் இருட்டும். கூடையைக் கழற்றிப் போட்டுவிட்டு எனக்குப் பிரித்துவிட்ட செடி வரிசையான நிரையிலேயே படுத்துவிடுவேன். ஒருநாள் இல்லாவிட்டால் மறுநாள் கட்டாயம் இது நடந்தது.

எனக்கு அடுத்த நிரை ஓர் அக்காவுடையது. என்னோடு ஒரே கப்பலில் வந்தவள், ஒரே முகாமில் கிடந்தவள், என்னைவிட நாலு வயது மூத்தவள், வாயும் நாலு பங்கு. நான் விழும்போதெல்லாம் கொழுந்தோடு ஓடிவந்து என் கூடையில் இரண்டு பிடி போட்டுவிட்டு, முந்தானையால் விசிறுவாள்.

சூப்பர்வைசர் கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள். வைகிறபோதும் மரியாதை குறையாது. "ஏனுங்கம்மா, எனக்கும் மேல பதில் சொல்லோணுமுங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அன்னைக்குக் காலைல இருந்து கடைசி எடை வரைக்கும் படுக்காம நின்னீங்கன்னா சரி. இல்லீன்னா வேலைக்கு லாயக்கில்லைன்னு எழுதிப் போட்டுருவேனுங்க" என்றார். அந்த 'ங்க'வுக்காக அவரை வெறுத்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் மயக்கத்துக்கு மாத்திரை கேட்டுத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனேன். மழை பிடித்துக்கொண்டது. நர்ஸம்மா தனக்குக் கலந்த டீயில் எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றினாள். "உங்களுக்கு இனிப்பு ஆகாதுன்னு சீட்டுல எழுதியிருக்குதுங்க. இது சப்புன்னு இருக்கும், பரவால்லீங்களா?" என்றாள். தலையை ஆட்டி டம்ளரை வலது கையில் வாங்கினேன். வாங்கியதும் இடது உள்ளங்கையை அவள் முன்னால் நீட்டினேன்.

"எதுக்குங்க கைய நீட்டறீங்க?"

"வெல்லத்துக்கு."

அவள் என்னையும் கையையும் மாறிமாறிப் பார்த்தாள். எங்கள் ஆட்கள் தேத்தண்ணியில் எதையும் போடமாட்டார்கள். வெறுந்தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்து, உள்ளங்கையில் வைத்திருக்கிற வெல்லக்கட்டியை ஒரு கடி கடிப்பார்கள். டாக்டர் கேட்டது தேத்தண்ணியில் போடுவதை. நான் சொன்னது தேத்தண்ணியைப் பற்றி. கையில் இருந்ததைப் பற்றி அவரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இனிப்பு என்றால் எனக்கு லட்டும் பாயசமும்தான். நர்ஸம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். என் மடத்தனத்தை நினைத்துச் சிரித்தேன், பாதியிலேயே சிரிப்பு நின்றது. அந்த வெல்லத்தைத் தினமும் எனக்குக் கொடுத்தது அக்கா.

முகாமில் ஒரே ஒரு வெல்லக்கட்டி கிடைத்தால் அவள் பல்லால் உடைத்துப் பாதியை எனக்குக் கொடுப்பாள். அந்தப் பழக்கம் தோட்டத்திலும் நிற்கவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு பெரிய பாதி எனக்கு என்றாகிவிட்டது. "என் வெல்லந்தாண்டி ஒன்னய நிக்க வச்சிருக்கு" என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவளிடம் போய், உன் வெல்லந்தான் என்னை விழவைக்கிறது என்று எந்த வாயால் சொல்வேன்? எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு நிற்கிற என் வாய் இதற்கு மட்டும் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவள் போத்தலைத் திறந்து எனக்கும் ஊற்றினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து வெல்லத்தைக் கடித்து உடைத்துப் பெரிய பாதியை என் உள்ளங்கையில் வைத்தாள். வாயருகே கொண்டுபோவதுபோலக் கொண்டுபோய், அவள் திரும்பிய நேரத்தில் தோளுக்குமேல் கூடைக்குள் போட்டுவிட்டேன். அதன்பிறகு நெஞ்சு அடிக்கிறதா என்று நிமிஷத்துக்கு ஒருதரம் கை வைத்துப் பார்த்தேன். பயத்தில் அடித்ததே தவிர மயக்கத்தில் அடிக்கவில்லை. கண் இருட்டவில்லை. மத்தியானம் வரை நின்றேன். மத்தியானத்துக்குப் பிறகும் நின்றேன்.

அந்தச் சந்தோஷத்தில் கூடையில் போட்டதை மறந்துதொலைத்தேன். நடு எடையில் கூடையோடு நிறுத்தபோதும் அது அடியிலேயே கிடந்திருக்கிறது. கடைசி எடைக்குக் கொழுந்தைத் தரையில் விரித்த படங்கில் கொட்டி முத்தல் இலை பொறுக்கும்போதுதான் வெளியே வந்தது. சூப்பர்வைசர் அதைக் குச்சியால் நகர்த்தினார். எடை கூட்டுவதற்குக் கல் போட்டுப் பிடிபட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு அன்றோடு வேலை போய்விடும்.

"ஏனுங்கம்மா, இதென்னங்க?"

பக்கத்தில் நின்ற அக்கா அந்தக் கட்டியைப் பார்த்தாள். தன் பல் பதிந்த இடம் அவளுக்குத் தெரியாதா? ஒரு விநாடி என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் குனிந்து எடுத்து, ஊதி, வாயில் போட்டு மென்றாள்.

"எம் மடியிலேருந்து விழுந்துருச்சிங்க ஐயா. கல்லா இருந்தா நான் திம்பேனா?"

கூட்டம் சிரித்தது. சூப்பர்வைசருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் பேருக்கு நேரே எடையை எழுதிவிட்டு, "திங்கக்கிழமை பெரட்டுக்கு வந்துருங்க" என்றார். பெரட்டு என்றால் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுவது. என் பேர் தப்பித்துவிட்டது. வீடும் தப்பித்துவிட்டது.

லயத்துக்குத் திரும்பும் பாதையில் அவள் என்னைப் பார்க்காமல் முன்னால் நடந்தாள். நான் ஓட முடியாமல் ஓடிப்போய், டாக்டர் சொன்னது, நர்ஸம்மா சொன்னது எல்லாவற்றையும் மூச்சு வாங்கச் சொன்னேன். அவள் நின்றாள்.

"அப்ப தெனம் ஒன்னய நாந்தான் விழுத்தாட்டினேனா?"

"இல்லக்கா, எனக்கே தெரியாது..."

"நேத்தே தெரிஞ்சிருக்குல்ல? சொல்ல மாட்டியா? நான் யாருடி ஒனக்கு?" என்றவள் விறுவிறுவென்று போய்விட்டாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் வீட்டுக் கதவு எனக்குத் திறக்கவில்லை. வேலை தப்பியும் ஒரு வாய்ச் சோற்றைக்கூட நிம்மதியாக மெல்லவில்லை. ஊர் போய், கடல் தாண்டி, எனக்கென்று மிச்சமிருந்த ஒரு ஆள் அவள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். போத்தலைத் திறந்து இரண்டு பேருக்கும் ஊற்றினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மறுபடி வெல்லமா என்று எட்டிப் பார்த்தேன். உள்ளே ஓர் அவித்த முட்டை இருந்தது. ஓட்டை உரித்து, பல்லால் இரண்டாகக் கடித்து, பெரிய பாதியை என் உள்ளங்கையில் வைத்தாள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு கோழி. அது இடுகிற முட்டையைக் கடையில் கொடுத்துத்தான் அவள் வெல்லம் வாங்குவாள். வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டு கசப்புத் தேத்தண்ணியை முகத்தைச் சுளித்துக் குடித்தாள்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "அழுதுக்கிட்டே திங்காத, தொண்டையில சிக்கும். மென்னு தின்னு" என்றாள்.

என் தேத்தண்ணியைத் தள்ளி வைத்தேன். அந்தப் பாதி முட்டையைத் தின்று முடிக்க எனக்குத் தேத்தண்ணி நேரம் முழுவதும் ஆனது.