மூன்றாம் மாத ரத்தம்

நான் கட்டியதையெல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன். நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். நாலாம் வகுப்போடு நின்றவன் நான். ஒரகடம் ரோட்டின் இரண்டு பக்கமும் முள்ளுக்காடாக இருந்த காலத்தில், ஒரே ஒரு கை கிரைண்டரை வைத்துக்கொண்டு வார்ப்பு இரும்பின் பிசிறு தேய்க்கும் பட்டறை போட்டேன். அது மூன்று ஷெட் ஆனது. மணிமங்கலம் பக்கத்து ஷெட்டில் இடுப்பளவு வெள்ளம் நின்றபோது, மோட்டார்களையெல்லாம் பிரித்து வெயிலில் காயவைத்து ஒன்பதாம் நாள் லைனை ஓட்டினேன். வடக்கிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் தங்குவதற்குப் பென்னலூரில் இரண்டு மாடி எழுப்பினேன். இந்த ரோட்டில் ஓடுகிற கார்களில் எத்தனையில் நான் தேய்த்த பாகம் இருக்கிறது என்று கம்பெனிக்காரனுக்கே தெரியாது. எந்த இன்ஜினியரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கடைசியாக ஒன்று செய்தேன். ஓர் ஆராய்ச்சிக்கு நான்கு தடவை ரத்தம் கொடுத்தேன். அதை மட்டும் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை.

வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில், வலது நுரையீரலில் சுண்டைக்காய் அளவு கட்டி தெரிந்தது. அறுத்து எடுத்துவிடலாம் என்றார்கள். எடுத்த பிறகு புற்றுதான் என்று உறுதியானது. ஆரம்பத்திலேயே அகப்பட்டதால் பிழைத்தேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஆராய்ச்சி டாக்டரம்மா ஒருத்தி என் கட்டில் அருகே வந்து உட்கார்ந்தாள். கட்டி உள்ளே இருக்கும்போது ரத்தத்திலுள்ள நோய் எதிர்ப்பு அணுக்கள் ஒரு மாதிரி இருக்குமாம். கட்டி போன பிறகு எந்த வகை கூடுகிறது, எது குறைகிறது, களைத்துக் கிடந்தது எழுந்துகொள்கிறதா என்று எண்ணிப் பார்ப்பார்களாம். ஷிப்ட் மாறும்போது அட்டெண்டன்ஸ் எடுப்பதுதான் இது என்று நான் புரிந்துகொண்டேன். ஆபரேஷனுக்கு முன் ஒரு தடவை, பிறகு ஒரு வாரத்தில், ஒரு மாதத்தில், மூன்று மாதத்தில் என்று ரத்தம் எடுக்க வேண்டும். பல பேருடையதைச் சேர்த்துப் பார்த்தால், யாருக்கு நோய் திரும்பும் என்று ஒருநாள் ரத்தத்திலிருந்தே சொல்ல முடியலாம். உங்களுக்கு இதனால் எந்தப் பலனும் இல்லை என்பதையும் நேராகவே சொன்னாள்.

நான் ஒத்துக்கொண்டது என் மச்சானுக்காக. என் மனைவியின் தம்பி. இருபது வருடம் எனக்கு அடுத்த மெஷினில் நின்று தேய்த்தவன். அவன் இருமியபோது இரும்புத் தூசி என்றே நினைத்தோம். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு தேய்டா என்றேன் நான். ஸ்கேன் எடுத்தபோது அறுப்பதற்கு இடமே மிச்சமில்லை. ஆறு வாரத்தில் போய்விட்டான். அந்த ஷெட்டில் மூச்சு விட்ட ஒருவனுடைய ரத்தமாவது எங்காவது எழுத்தில் ஏறட்டும் என்று நினைத்தேன். அந்த ஆசையைத்தான் நானே கெடுத்துக்கொண்டேன்.

முதல் மூன்று தடவையும் ஒழுங்காகப் போனது. ஒரு மாதத்துக்குப் பிறகு உடம்பு படுத்துவிட்டது. சோறு இறங்கவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. கடைசி ரத்தத்துக்குப் பத்து நாள் இருந்தது. எப்போதும்போல வாருங்கள், விசேஷமாக எதுவும் சாப்பிட வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள்.

என் தொழிலில் 'எப்போதும்போல' என்ற வார்த்தைக்கு வேறு அர்த்தம். கம்பெனியிலிருந்து ஷெட்டைச் சோதிக்க ஆடிட்டுக்கு வருகிறவர்களும் லைன் எப்போதும்போல ஓடட்டும் என்றுதான் சொல்வார்கள். நாங்கள் மூன்று நாள் முன்பே தரையில் மஞ்சள் கோடு புதிதாக அடித்து வைப்போம். புது பாகத்துக்கு சாம்பிள் பீஸ் கேட்டால், மெஷினிலிருந்து வந்ததை அப்படியே அனுப்புகிறவன் கம்பெனிக்குப் பாகம் கொடுக்கிற வெண்டரே இல்லை. கையால் அரம் போட்டு, எண்ணெய் தடவி, பேப்பரில் சுற்றி அனுப்ப வேண்டும். முப்பது வருடத்தில் என் சாம்பிள் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. ரத்தம் மட்டும் சோர்ந்துபோய் எப்படிப் போகலாம்?

மருந்துக்கடையில் தெரிந்தவரிடம் தெம்புக்கு ஏதாவது கொடுங்கள் என்றேன். சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார். ஒரே வாரத்தில் பசி வந்தது, மூச்சு லேசானது, முகம்கூட உப்பிக்கொண்டது. இஸ்திரி போட்ட சட்டையில் போய்க் கையை நீட்டினேன்.

சில வாரம் கழித்து டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினாள். நோய் திரும்பிவிட்டது என்றே நினைத்தேன். மனைவியும் கூட வந்தாள். பஸ்ஸில் பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

டாக்டரம்மா காய்ச்சல் வந்ததா, புண் ஏதாவது சீழ் பிடித்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒரு வகை அணு தாறுமாறாக ஏறியிருக்கிறது, இன்னொரு வகை படுத்துவிட்டது, காரணம் புரியவில்லை என்றாள். ஏதாவது மாத்திரை சாப்பிட்டீர்களா என்றாள்.

"ஒண்ணும் சாப்டலம்மா," என்றேன். குவாலிட்டி இன்ஸ்பெக்டரிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

என் மனைவி பையைத் திறந்து, காலியான மாத்திரை அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். நான் அவளை முறைத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா அட்டையைத் திருப்பிப் படித்தாள். "இது ஸ்டீராய்டுங்க ஐயா." மாத்திரை செய்த மாற்றத்தையும் ஆபரேஷனால் வந்த மாற்றத்தையும் இனிமேல் பிரிக்க முடியாது என்றாள். நான்கு தடவை எடுத்ததும் சேர்ந்து ஒரு செட்டாம். ஒன்று கெட்டால் ஆளையே லிஸ்டிலிருந்து எடுத்துவிட வேண்டுமாம்.

"இப்ப வேற எடுத்துக்கோம்மா. எவ்ளோ வேணும்னாலும் எடுத்துக்கோ."

"மூணாவது மாசம் திரும்ப வராதுங்க ஐயா."

அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். என் சாம்பிள் முதல்முறையாக ரிஜெக்ட் ஆனது அன்றுதான்.

வெளியே மரத்தடியில் மனைவி சொன்னாள்: "ரத்தத்துக்குமா பாலீஷ் போட்டு அனுப்புவ? என் தம்பிக்குத்தான் தூசி தூசின்னே கடைசி வரைக்கும் நெசம் தெரியாம பூட்ச்சி. இதாவது நெசமா இருக்கட்டும்னுதான்யா எடுத்து வச்சேன்."

நான் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தேன்.

போன மாதம் மறுபடி ஸ்கேனுக்குப் போனேன். இடது பக்கம் சின்னதாக ஒரு புள்ளி தெரிகிறது. இப்போதைக்குப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்கிறார்கள். காத்திருந்தபோது பக்கத்து நாற்காலிக்காரருக்கு அதே ஆராய்ச்சிக்காக ரத்தம் எடுக்க வந்தார்கள். ஊசிக்கு முன்னால் நர்ஸ் ஒரு தாளைப் பார்த்துக் கேட்டாள்: போன ஒரு மாதத்தில் தெம்புக்கு என்று கடையில் ஏதாவது மாத்திரை வாங்கிச் சாப்பிட்டீர்களா, அட்டை இருந்தால் காட்டுங்கள். என்னிடம் ஒருநாளும் யாரும் அப்படிக் கேட்டதில்லை. டாக்டரம்மாவைத் தேடிப் போய் விசாரித்தேன். "உங்களுக்கு அப்புறம்தான் சேர்த்தோம்," என்றாள்.

அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு எடுக்கிற ஒவ்வொரு ரத்தமும் சுத்தமானது. அதில் என் பங்கு இருக்கிறது. ரத்தம் கொடுத்தவர்கள் பெயரைப் போடமாட்டார்கள் என்று தெரியும். பெயர் வேண்டாம். ஆராய்ச்சியை அச்சடிக்கும்போது, இந்தக் கேள்வி ஒரகடத்தில் பிசிறு தேய்த்த பட்டறைக்காரன் ஒருவனால் வந்தது என்று ஒரு வரி போட வேண்டும். அவனுக்கு அடுத்த மெஷினில் ஒருவன் நின்றான், அவன் ரத்தத்தை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போது கேட்பேன். போட்டுத்தான் ஆக வேண்டும்.