அத்தையின் முட்டிக் கிளட்ச்

அத்தை வாங்கிய கார் எங்கள் வீட்டுக்கு ஓடி வரவில்லை. லாரியின் முதுகில் கயிறு போட்டுக் கட்டி, நோயாளியைக் கொண்டுவருவதுபோலக் கொண்டுவந்து இறக்கினார்கள். திருநின்றவூரில் யாரோ பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் போக, அந்த வீட்டு வேப்பமரத்தடியில் வருஷக்கணக்காக நின்றிருந்த பழைய பத்மினி கார் அது. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். நான் பார்த்தபோது பாதி துரு, பாதி காக்கை எச்சம். டயர்கள் காற்றில்லாமல் தரையோடு ஒட்டிக் கிடந்தன. பின் சீட்டுக்குள் ஓர் எலி குட்டிகளோடு சௌகரியமாக இருந்தது. எனக்கு அப்போது எட்டு வயது. எங்கள் தெருவில் கார் வைத்திருக்கும் முதல் வீடு எங்களுடையது என்ற பெருமையில், அது ஓடாது என்பது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை.

நைனாவுக்குப் பட்டது. ஆந்திர எல்லை பக்கம்தானே, எங்கள் ஊர்களில் அப்பாவை நைனா என்று கூப்பிடுகிற வீடுகள் நிறைய உண்டு. கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஆலை ஒன்றில் அவர் வெல்டர். காரை ஒருமுறை சுற்றி வந்தார். கதவைத் திறந்தார். கதவு கீல்களை அங்கேயே விட்டுவிட்டு அவர் கையோடு வந்துவிட்டது. அதைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அத்தையைப் பார்த்தார்.

“இத மாதிரி வண்டிங்க தெனம் எங்க உலையில வந்து வுழுவுது பாப்பா. நீ இன்னாடான்னா டப்பு குடுத்து ஊட்டுக்கு இட்டாந்துக்கிறே.”

“உலையில போட்டா இரும்பு, ரோட்டுல வுட்டா காரு,” என்றாள் அத்தை. “நீ வெல்டிங் மிஷின எப்ப எடுத்தாறே, அதச் சொல்லு.”

அத்தை நைனாவின் ஒரே தங்கை. முந்தின வருஷம், தகடுகளை அழுத்தி வளைக்கும் கம்பெனி ஒன்றில் இரும்பு அச்சு ஒன்று சரிந்து அவள் இடது பாதத்தின்மேல் விழுந்தது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கம்பெனி கொடுத்த நஷ்டஈட்டை நகையாகப் போடச் சொன்னாள் அம்மா. பாங்கில் போடச் சொன்னார் நைனா. அத்தை காராகப் போட்டாள்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. கட்டைக்கால் பொருத்தி நடக்கப் பழகியதும் அவள் ஒரு தையல் கம்பெனியில் சேர்ந்தாள். உட்கார்ந்து செய்கிற வேலை, வலது கால் இருந்தால் போதும். ஆனால் கம்பெனி வேனின் படி உயரம். ஏறுவதற்கு இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும். ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டே தூக்கினார்கள். போகப் போக, டிரைவர் ஹார்ன் மேல் கையை வைத்தவர் எடுக்கவில்லை. ஒருநாள் வேன் அத்தைக்காக நிற்காமலே போய்விட்டது. புது வருஷம் பிறக்கிறவரை அவள் மிஷினை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகத் தையல் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அதற்குள் வந்து சேர்வது அவள் பாடு.

“கவர்மெண்டுல மூணு சக்கர ஸ்கூட்டர் சும்மாவே தராங்க. எழுதிப் போட்டா வந்துரும்,” என்று நைனா பலமுறை சொல்லிப் பார்த்தார்.

“அது எனக்கு மட்டுந்தான் ஆவும். மழையில நனையணும். இதுல நம்ம தெரு பொண்ணுங்கள்ல மூணு பேர ஏத்திக்கினு போவேன். இத்தினி நாளு என்னத் தூக்கிவுட்டாளுங்க. இனி நான் அவளுங்களக் கூட்டினு போறேன்.”

விபத்துக்கு முன்னால் அத்தை டிரைவிங் ஸ்கூலில் பாதி கற்றிருந்தாள். மீதிப் பாதியை அவள் விட்டுவிடவில்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

நைனா இந்த வண்டியைத் தொடமாட்டேன் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் சொன்னார். ஒவ்வொரு ஞாயிறும் சர்ச்சிலிருந்து வந்ததும் வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். காரின் தரைத் தகடு இட்லித் தட்டுபோல ஓட்டை ஓட்டையாக இருந்தது. துருப்பிடித்ததை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார். அவர் பற்றவைக்கும்போதெல்லாம் கரண்டு குறைந்து தெருவே மங்கியது. பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல் வழியாக, “இன்னாங்கண்ணா, டிவில ஆளு மூஞ்சே தெரியல!” என்று கத்துவாள். அவளுடைய தொடர் முடிகிற நேரம் எங்களுக்கு மனப்பாடம் ஆயிற்று. அதற்கு முன்னால் உப்புத்தாள் தேய்ப்போம். பிறகு வெல்டிங்.

அம்மா எலிகளைக் குடும்பத்தோடு ஏரிக்கரைக்கு அனுப்பிவைத்து, சீட்டுக்குப் புதிய பஞ்சு திணித்தாள். உறையை அத்தை தைத்தாள். எஞ்சினை மட்டும் கவரைப்பேட்டையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து பார்த்துக்கொடுத்தார். அத்தை ஸ்டூலைத் தள்ளித் தள்ளிப் போட்டு உட்கார்ந்து வண்டி முழுக்கத் தன் கையாலேயே தேய்த்தாள். மழைக்காலம் வந்தபோது கார் மயில் நீலத்தில் நின்றது. அது உறுமியது, நின்ற இடத்தில் நடுங்கியது. ஓட்டுவது ஒன்றுதான் பாக்கி.

அங்கேதான் பிரச்சினை வந்தது. பிரேக்கும் ஆக்சிலேட்டரும் வலது காலுக்கு. கியர் மாற்றும்போதெல்லாம் அழுத்த வேண்டிய கிளட்ச் இடது காலுக்கு. கட்டைக்காலாலேயே மிதித்துவிடலாம் என்று அத்தை நம்பினாள். ஏறி உட்கார்ந்து, கிளட்சை மிதித்து, கியரைப் போட்டாள். அந்தக் கால் மிதியின் மேல் இருக்கிறதா, எவ்வளவு அழுத்துகிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியவே இல்லை. அது வழுக்கியது. கார் எகிறிப் பாய்ந்து எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரில் போய் முட்டி நின்றது. சுவர் உள்பக்கமாக விழுந்தது. அம்மா குளித்துவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தாள். தலையில் சுற்றிய துண்டோடு அப்படியே நின்றாள். உள்ளே நசுங்கியது வாளி மட்டும்தான்.

நைனா ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைப் பிடுங்கினார்.

“போதும். நாளைக்கே லாரிக்கு சொல்லிடறேன். உலைக்கே போவட்டும்.”

அத்தையின் முகம் வெளுத்திருந்தது. ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

“செவுத்த நான் கட்டித் தரேன். சாவியக் குடு.”

“யாருனா செத்திருந்தா இன்னா பண்ணுவே?”

“அதுக்குத்தான் சரி பண்ணணும்னு சொல்றேன். சாவியக் குடுண்ணா.”

நைனா கொடுக்கவில்லை. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். அத்தை காரைவிட்டு இறங்கவில்லை. மத்தியானச் சோற்றை அம்மா தட்டில் போட்டு ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். மறுநாள் அத்தை முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, அம்மா கலவை எடுத்துக் கொடுக்க, சொன்னபடியே சுவரைக் கட்டினாள். கொஞ்சம் கோணல்தான். ஆனால் நின்றது. லாரிக்குச் சொல்லியாகிவிட்டதா என்று நான் தினமும் நைனாவைக் கேட்டேன். அவர் தினமும், “சொல்லணும்,” என்றார்.

அந்த வாரம் ஒருநாள் மாலை அத்தை அடுப்படியிலிருந்து சோற்றுப் பானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். வழியில் கதவு பாதி சாத்தியிருந்தது. இடது முட்டியால் அதை ஒரு தள்ளு தள்ளிவிட்டு இரண்டடி நடந்தவள் நின்றுவிட்டாள்.

“அண்ணி, நான் இப்ப கதவ இன்னாத்தால தள்ளுனேன்?”

“முட்டியாலதான். ஏன், பட்டுக்கிச்சா?”

அத்தை பானையை அம்மா கையில் திணித்தாள். அவள் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த நைனாவின் முன்னால் போய் நின்றாள்.

“அண்ணா, தையல் மிஷின்ல முட்டிக்குப் பக்கத்துல ஒரு தட்டு வெச்சிருப்பாங்க. முட்டியால தள்ளுனா துணிய அழுத்திப் புடிக்கிறது மேல தூக்கிக்கும். வேலைக்குப் போவசொல்ல தெனம் அத்தினி வாட்டி தள்ளுவேன். கிளட்சுக்கும் அதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடு. பாதம்தான் போச்சு. முட்டி என்னுதுதானே? எவ்ளோ அமுக்குறேன்னு அதுக்குத் தெரியும்.”

நைனா டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு அவள் முட்டியைப் பார்த்தார். டீ ஆறியது. பிறகு எழுந்துபோய், என் பள்ளிக்கூடப் பையிலிருந்து சாக்பீஸ் துண்டை எடுத்துவந்து காரின் தரையில் கோடு போட ஆரம்பித்தார்.

சொல்வதற்குச் சுலபம். கார் கிளட்சை அமுக்கத் தையல் மிஷின் தட்டைப்போலப் பல மடங்கு பலம் வேண்டும். முட்டித் தட்டையும் கிளட்ச் மிதியையும் இணைக்க முதலில் வைத்த கம்பி வளைந்துவிட்டது. இரண்டாவது நன்றாக நின்றது. ஆனால் அதைத் தள்ளித் தள்ளி அத்தையின் முட்டி கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. அவள் எண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளும் போய் உட்கார்ந்தாள். “இன்னும் கொஞ்சம் நீளமாப் போடுண்ணா. கடப்பாரை நீளமா இருந்தா கல்லு லேசாப் பொரளும் இல்ல?” என்றாள். நைனா நீளமாகப் போட்டார். தட்டுக்கு அம்மா பஞ்சு வைத்து, தன் பழைய புடவையில் கிழித்த துணியைச் சுற்றித் தைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போய்ப் பார்த்தபோது நைனா டிரைவர் சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். தன் இடது கணுக்காலைத் துண்டால் சீட்டின் காலோடு இறுக்கிக் கட்டியிருந்தார். பாதத்தை அசைக்க முடியாதபடி வைத்துக்கொண்டு முட்டியால் மட்டும் தட்டைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். நெற்றியெல்லாம் வியர்வை. எனக்கு அது நல்ல விளையாட்டாகத் தெரிந்தது. “எனக்கும் கட்டு நைனா,” என்று காலை நீட்டினேன். எதற்கும் சிரித்துவிடுகிற மனுஷன் அன்று சிரிக்கவில்லை. “உனக்கு வேணாம் கண்ணு, போ,” என்றார்.

டிசம்பரில் ஒரு காலை, மெக்கானிக்கை ஓட்டச் சொல்லி எல்லோரும் ஊருக்கு வெளியே ஒரு லேஅவுட்டுக்குப் போனோம். வீட்டு மனைகளுக்குக் கல் நட்டு, மண் ரோடு போட்டு, ஒரு வீடும் வராத இடம். மேய்கிற மாடுகளைத் தவிர யாரும் இல்லை. மெக்கானிக் இறங்கிப் பீடி பற்றவைக்கப் போனார். அத்தை டிரைவர் சீட்டில் ஏறினாள். நைனா பக்கத்தில் ஏறி உட்கார்ந்து ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துக்கொண்டார்.

“நீ எறங்குண்ணா.”

“நான் பேசாம குந்திக்கினு இருக்கிறேன். நீ ஓட்டு.”

“நீ கைய அதுல வெச்சிக்கினு இருந்தா, எனக்கு உன் கைமேலதான் நெனப்பு போவும். எறங்கு.”

நைனா இறங்கினார். கதவை மெதுவாகச் சாத்தினார்.

கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுபோனது. மறுபடி கிளப்பினாள். மறுபடி நின்றது. மாடுகள் மேய்வதை விட்டுவிட்டு எங்களையே பார்த்தன. உள்ளே அத்தை உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. நைனா ஜன்னலோரம் குனிந்து, “நாளிக்குப் பாத்துக்கலாம் பாப்பா,” என்றார். அத்தை அவர் பக்கம் திரும்பவில்லை. இன்னொரு முறை சாவியைத் திருகினாள். அந்தத் தடவை கார் குலுங்கவில்லை. யாரோ பின்னாலிருந்து பதமாகத் தள்ளிவிட்டதுபோல நகர்ந்தது. நகர்ந்துகொண்டே இருந்தது. கியர் மாறும் சத்தம் கேட்டது. நான் குதித்தேன். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

நைனா காரோடு கூடவே ஓடினார். ஜன்னலைத் தொட்டாற்போலக் கையை வைத்துக்கொண்டு, சைக்கிள் பழகும் பிள்ளைக்குப் பின்னால் ஓடுகிறவர்களைப்போல ஓடினார். ஒரு இடத்தில் கார் அவரைவிட வேகமாகப் போய்விட்டது. கை காற்றில் நின்றது. அவர் அங்கேயே ஒரு மனைக்கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

அதற்கப்புறம் நடந்தது நீளமான கதை. மாற்றிக் கட்டிய வண்டிக்கு அனுமதி வாங்க ஆபீசுக்கு நடந்தது, லைசென்ஸ் டெஸ்டில் அத்தை எட்டுப் போட்டது, ‘இன்னும் ரெண்டு வாரம் பொறுங்க’ என்று சூப்பர்வைசரிடம் கெஞ்சியது எல்லாம் உண்டு. பொங்கல் முடிந்து தையல் கம்பெனி திறந்த அன்று அவள் எங்கள் தெருப் பெண்கள் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு கேட்டுக்குள் போனாள். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் போனாள்.

அத்தையைத் தகட்டுக் கம்பெனியில் சேர்த்துவிட்டது நைனாதான் என்று நான் காலேஜ் போகும் வயதில் அம்மா சொன்னாள். விபத்து நடந்த அன்று காலை அத்தைக்குக் காய்ச்சல். லீவு போடுகிறேன் என்று போர்த்திக்கொண்டு படுத்தவளை, “புது வேலை, பேரு கெட்டுப்பூடும்,” என்று எழுப்பி, சைக்கிளில் உட்காரவைத்துக் கொண்டுபோய் விட்டுவந்தவரும் அவர்தான். அத்தை அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லையாம். அவரும் பேசியதில்லை.

எட்டு வயதில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. மனைக்கல்லில் உட்கார்ந்திருந்த நைனாவின் தோள் குலுங்குவதைத்தான் பார்த்தேன். அம்மாவிடம் ஓடினேன்.

“நைனா ஏம்மா அழுவுது? வண்டிதான் ஓடுதே.”

“அழுவல. வண்டி கெளப்புன மண்ணு கண்ணுல வுழுந்துடுச்சு. போய் ஊதிவுடு,” என்றாள் அம்மா, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

நான் போய் அவர் முகத்தைப் பிடித்து நிமிர்த்தினேன். பாவாடை நுனியைச் சுருட்டி வாயால் ஊதிச் சூடாக்கி இமைமேல் ஒற்றினேன். பிறகு விரலால் இமையைப் பிரித்துப் பலங்கொண்ட மட்டும் ஊதினேன். நைனா குழந்தைபோல முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

“போச்சா நைனா?”

“இந்தக் கண்ணுலயும் கீது,” என்று இன்னொரு கண்ணைக் காட்டினார்.

அதையும் ஊதினேன். தூரத்தில் நீலக் கார் திரும்பி எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. நான் அம்மாவிடம் ஓடிப்போய், தூசி மொத்தமும் போய்விட்டது, நான்தான் எடுத்தேன் என்று பெருமையாகச் சொன்னேன்.