ராஜாத்தி தன் ஐஸ் மிஷினின் வாயை அடைத்த கதை

ராஜாத்தி உயிரோடு இருந்தவரை அந்தக் குப்பத்தில் யாரும் மெதுவாகப் பேசிப் பழகவில்லை. பேசினால் கேட்காது. பழவேற்காட்டு ஏரிக்கரையில், ஊர்ச் சாவடியை ஒட்டி, அவளுடைய ஐஸ் உடைக்கிற மிஷின் இருந்தது. பெரிய ஐஸ் கட்டியை உள்ளே தள்ளினால் அது போடுகிற கூச்சலில் நாய்கள் எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்ப் படுக்கும். புருஷன் வேலு போன பிறகு அவளுக்குச் சோறு போட்டது அந்த மிஷின்தான். வேலு இருந்தபோதும் அதுதான் போட்டது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

சிக்கல் அமாவாசைதோறும் வந்தது. அன்று சாயங்காலம் சாவடியில் ஆம்பளைகள் கூட்டம். யாருக்கு எந்தப் பாடு, அதாவது ஏரியில் யார் எந்த இடத்தில் வலை போடுவது, என்று பேசித் தீர்ப்பார்கள். அதே நேரத்தில்தான் இறால் படகுகளும் கரைக்கு வரும். இறால் யாருக்காகவும் காத்திருக்காது. தலைவர் மாணிக்கம் எழுந்து தொண்டையைச் செருமுவார். மிஷின் அவரைவிடப் பெரிதாகச் செருமும்.

கடைசியில் தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த அமாவாசைக்குள் சத்தம் அடங்க வேண்டும். இல்லையென்றால் மிஷின் ஊருக்கு வெளியே போக வேண்டும். ஊருக்கு வெளியே கரண்டும் கிடையாது, ஐஸ் வாங்க வருகிறவர்களும் கிடையாது.

ராஜாத்தி மிஷினைச் சுற்றிப் பலகையில் கூண்டு அடித்தாள். உள்பக்கம் முழுக்க வலை மிதவைக்குப் போடுகிற ஃபோமை ஒட்டினாள். கரையில் பிறந்தவளுக்குத் தெரிந்த நல்ல ஃபோம் அதுதான். வருஷக்கணக்கில் ஏரியில் கிடந்தாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காது. சுவிட்சைப் போட்டாள். சத்தம் கூண்டுக்குள் முட்டி மோதி, முன்பைவிடக் கோபமாக வெளியே வந்தது.

"உள்ள இன்னா, பேயா கீது?" என்றாள் பக்கத்து வீட்டு செசிலியா.

"பேயா இருந்தா தலைவர் பேச்சக் கேட்டு எப்பவோ ஓடியிருக்கும்டி."

மறுநாள் கடைத்தெருவில் பைக் சீட் தைக்கிற சாம்சனிடம் போனாள். அவள் கொண்டுபோன மிதவை ஃபோம் துண்டை அவன் அவள் கையிலேயே கொடுத்து, "வாய வச்சி ஊதுக்கா" என்றான். கன்னம் உப்பி, கண் பிதுங்கியதுதான் மிச்சம். பிறகு பழைய சீட் ஸ்பான்ஜ் ஒன்றைக் கொடுத்தான். மூச்சு அந்தப் பக்கம் போய் அவள் விரலில் பட்டது.

"சத்தம் காத்துலதான்கா வருது. உள்ள பூர்றதுக்கு சந்து வேணும். சந்து சந்தா பூந்து, உரசி உரசி, உள்ளயே களைச்சிப் பூடும். உன் மெதவ கதவ சாத்திக்குது. அது திரும்பி வராம இன்னா பண்ணும்?"

"இது தண்ணி குடிக்குமேடா."

"தண்ணி குடிக்கிறதுதான் சத்தத்தையும் குடிக்கும்."

"எங்க வூட்டுக்காரரு குடிச்சாதான் சத்தமே போடுவாரு."

பொன்னேரி வரை போய்வந்த எத்தனையோ பேர் உட்கார்ந்து நசுக்கிய ஸ்பான்ஜுகளை மூட்டையாகக் கட்டிவந்து கூண்டுக்குள் மாட்டினாள். கிறீச்சென்ற அலறல் போயிற்று. அடித்தொண்டை உறுமல் போகவில்லை. பலகையோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி மாட்டச் சொன்னான் சாம்சன். வீணான மிதவைத் துண்டுகளையே இடையில் முட்டுக் கொடுத்தாள். உறுமலும் பாதியானது. நாலாம் நாள் சத்தம் திரும்பி வந்தது. பார்த்தால், ஐஸ் தண்ணீர் இறங்கி ஸ்பான்ஜின் ஓட்டையெல்லாம் அடைத்திருந்தது. அன்றிலிருந்து காலையில் அவற்றைக் கழற்றி, கருவாட்டுக்குப் பக்கத்தில் கொடியில் காயப்போடுவது அவள் வேலையாயிற்று.

அமாவாசை வந்தது. பெண்கள் ஐஸுக்கு வரிசையில் நின்றார்கள். மிஷின் பூனை மாதிரி முனகியது. சாவடிக்குள் இருந்தவர்களுக்கோ கத்திப் பேசிப் பத்து வருஷப் பழக்கம். மிஷின் அடங்கியும் அவர்கள் குரல் அடங்கவில்லை.

பாடு விவகாரம் இரண்டே நிமிஷத்தில் முடிந்தது. போன வருஷம் மாதிரியே இருக்கட்டும் என்றார்கள். பிறகு கூட்டம் முடிந்து சாப்பிடுகிற பிரியாணியைப் பற்றிப் பேச்செடுத்தார்கள். "போன மாசம் கோழி போட்டு லெக் பீஸ் பத்தல. இந்த மாசம் ஆடுதான்" என்று மாணிக்கம் ஏரிக்கு அந்தக் கரை வரை கேட்கும்படி கத்தினார். எதிர்க்கட்சி கோழிக்காகக் கத்தியது. முக்கால் மணி நேரம் ஓடியது.

வரிசையில் மாணிக்கத்தின் மனைவி அங்காளம்மாள் நின்றிருந்தாள். அமாவாசைதோறும் அவர் வீட்டுக்கு வந்து, பாடு சண்டையில் பசியே செத்துப்போச்சு என்று சோற்றைத் தள்ளிவிட்டுப் படுப்பார். அவள் கால் அமுக்கிவிடுவாள். ஐஸ் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சாவடி வாசலுக்குப் போனாள்.

"ஏன்யா, லெக் பீஸுதான் உங்க பாடா?"

சாவடிக்குள் ஐஸ் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் காலை மாணிக்கம் தனியாக வந்தார். "தங்கச்சி, அமாவாசைக்கு மட்டும் அந்த ஸ்பான்ஜக் கழட்டி வையேன்."

ராஜாத்தி கொடியில் ஸ்பான்ஜைப் பிழிந்து போட்டுக்கொண்டிருந்தாள். "ஊர்க் கட்டுப்பாடுண்ணே. நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க. அத்த மீற எனக்கு தகிரியம் கெடயாது."

போன மாசியில் ராஜாத்தி செத்துப்போனாள். அன்று மிஷின் ஓடவில்லை. சாவடி முன்னால் மாணிக்கம் அவளைப் பற்றி நாலு வார்த்தை பேசினார். தொண்டை கிழியக் கத்தித்தான் பேசினார். மெதுவாகப் பேசச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை.