தாழமுக்கமும் மனச்சோர்வும்

பல்கலைக்கழக நூலகத்தில் உதவியாளராக இருந்த காத்தான்குடிப் பதியுதீனுக்கு எதையும் விட்டுவிட மனம் வராது. மீன் சந்தையில் கடைசிக் கூடை வரை கிளறிப் பார்த்துவிட்டு, முதல் கூடைக்காரனிடம் திரும்பி வந்து வாங்குவார்.

சுனாமிக்குப் பிறகு இந்தக் குணம் முற்றியது. அன்று மனைவி ஹஸீனாவையும் மகன் முனாப்பையும் தேடி முகாம் முகாமாக அலைந்தார். ஒரு பாடசாலை முகாமில் "ஹஸீனா இருக்காவா?" என்றார். எல்லோரும் கையை விரித்தார்கள். திரும்பி நடந்தவர் ஏதோ தோன்றி, "முனாப்ட உம்மா?" என்று கேட்டார்.

"அவவா? அடுப்படியில நிண்டு எல்லாரையும் ஏசிக்கிட்டிருக்கா!"

மகனோடும் கரண்டியோடும் வந்த ஹஸீனா, "இவ்வளவு நேரமும் எங்க போனீங்க?" என்று அவரையும் ஏசினாள். பதியுதீன் அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

யுத்தம் முடிந்த வருடம், அவரை 'நானா' என்று அண்ணன் முறையில் அழைக்கும் விரிவுரையாளர் தக்ஷாயினி அவரிடம் வந்தாள். சுனாமிக்குப் பிந்திய மனச்சோர்வைப் பற்றி உலகத்தில் வந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்று விடாமல் தேடித் தொகுக்க வேண்டும். தேடும் சொற்களை இருவரும் சேர்ந்து அமைக்க வேண்டும்.

'ஒன்று விடாமல்' என்றதும் பதியுதீனுக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. மனச்சோர்வு, கவலை, பயம், துக்கம், தூக்கமின்மை என்று இங்கிலீசில் அடுக்கி, இடையிடையே 'அல்லது' போட்டுத் தட்டினார். கணினி ஆயிரக்கணக்கில் கொட்டியது. தக்ஷாயினி படித்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

"நானா, இதெல்லாம் வானிலை அறிக்கை!"

மனச்சோர்வுக்கும், வங்காள விரிகுடாவில் புயலுக்கு முன் உருவாகும் தாழமுக்கத்துக்கும் இங்கிலீசில் ஒரே சொல்: டிப்ரெஷன்.

"புயல் எண்டு வாறதையெல்லாம் கழிச்சிருவம்," என்றாள் அவள்.

"அதுக்குள்ள நமக்குத் தேவையானது ஒண்டு கிடந்தா, மிஸ்?"

"கிடக்காது."

கழித்தார்கள். பட்டியல் அழகாகச் சுருங்கியது. பதியுதீனுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையிலேயே வந்து, கழித்தவற்றின் தலைப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தார். மழைமானி, காற்றுவேகம், மழைமானி... மத்தியானத்துக்கு மேல் ஒன்று சிக்கியது: புயல் வருகிறது என்று வானொலி சொன்னாலே சுனாமி நினைவில் நடுங்கி, பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடும் தாய்மாரைப் பற்றிய ஆய்வு.

தக்ஷாயினி அதை இரண்டு தரம் படித்தாள். "கழிச்சது பிழைதான் நானா. எல்லாத்தையும் திருப்பிப் போடுங்க. இருந்து படிப்பம்."

படித்தார்கள், வாரக்கணக்காக. முடிவில் வங்காள விரிகுடாவின் வானிலை இருவருக்கும் மனப்பாடம். ஆய்வு அச்சானபோது தேடல் சொற்களே ஒரு பக்கத்தை அடைத்திருந்தன. பதியுதீன் அதை வீட்டில் பெருமையாக விரித்தார்.

ஹஸீனா மேலும் கீழும் பார்த்தாள். "விளங்கல்ல. ஆனா அடுக்கியிருக்கிறதப் பாத்தா நீங்க எழுதினதுதான்."