ஒத்த வாசல் அறை

நாரணாபுரம் பட்டாசு கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறைக்கு நாலு பக்கமும் வாசல் உண்டு. தீப்பிடித்தால் எந்தப் பக்கமும் ஓடலாம். அந்தக் கம்பெனியிலேயே பாதி ஆயுசைக் கழித்தவள் சண்முகத்தாய்.

மகள் வேல்விழிக்குப் புனேயில் வேலை. நட்சத்திரங்களுக்கு நடுவே மிதக்கும் வாயு மேகங்களில் என்னென்ன மூலக்கூறுகள் உண்டென்று ரேடியோ அலைகளை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். அம்மாவுக்குப் புரியட்டுமென்று அந்த மூலக்கூறுகளைப் போனில் 'மருந்து' என்று சொல்லித் தொலைத்தாள்.

"ஒன் ரூமுக்கு எத்தனை வாசல்டி?"

"ஒண்ணுதாம்மா."

"அடிப்பாவி! மருந்த வச்சுக்கிட்டு ஒத்த வாசல்லயா உக்காந்திருக்க? கெளம்பி வாடி!"

"மருந்து இங்கன இல்லம்மா. அந்த மேகத்துல இருந்து அலை வந்து சேரவே ஆயிரம் வருசம் ஆகும்."

சண்முகத்தாய்க்குப் போன உயிர் திரும்பியது.

"அம்புட்டு தூரமா? அப்ப ஒத்த வாசல் போதும்."