வாஃபல் பெட்டியில் சுட்ட முறுக்கு பிஸ்கட்

மாவைக் கட்டம் கட்டமாகச் சுட்டெடுக்கிற அந்த மின்சார வாஃபல் பெட்டி இரண்டு வருடமாக அலமாரி மேல் பிரிக்காமலே கிடந்தது. புஷ்பலதா வேலை பார்க்கும் கையுறைத் தொழிற்சாலையின் ஆண்டு விருந்தில் குலுக்கலில் அவளுக்கு விழுந்த பரிசு. முதல் பரிசு மோட்டார் சைக்கிள். அவளுக்கு விழுந்தது பதினேழாவது. அன்றைக்கு அவள் கணவர் பத்துமலை, அட்டையில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "என்னா புஷ்பா, ரொட்டிக்கு இஸ்திரி போடுற மெஷினா இது?" என்று கேட்டதோடு அதன் கதை முடிந்திருந்தது.

தீபாவளி காலை ஏழு மணிக்கு, எண்ணெய் முழுக்கு முடித்த ஈரத் தலையோடு அவள் அதைக் கீழே இறக்கினாள். வீட்டிலிருந்த அடுப்பு, வாணலி, ஓவன் எல்லாவற்றிலும் என்றைக்காவது கோதுமை மாவு பட்டிருக்கிறது. படாதது இது ஒன்றுதான்.

தம்பி தர்மேந்திரனின் மகள் ஷர்மினிக்கு ஒன்பது வயது. கோதுமை அவள் குடலுக்கு ஆகாது. கொஞ்சம் ஒத்துக்கொள்ளாது என்பதல்ல, துளிகூட ஆகாது. பிள்ளையில்லாத புஷ்பலதாவின் மடியில்தான் மூன்று வயதுவரை அவள் வளர்ந்தாள். போன தீபாவளிக்கு இதே புந்தோங் அடுக்குமாடி வீட்டில் அத்தை சுட்ட முறுக்கை நாலு தின்றாள். இரண்டு மணி நேரத்தில் வாந்தி. சாயங்காலம் ஆஸ்பத்திரி, கையில் டிரிப்.

"முறுக்குல மைதா கலந்தீங்களா அண்ணி?" தர்மேந்திரனின் மனைவி பிரமிளா வார்டு வாசலில் நின்று கேட்டாள்.

"மாரியாத்தா மேல சத்தியமா இல்ல. அரிசி மாவு, உளுந்து மாவு. வேற ஒண்ணும் இல்ல."

"அப்ப எம்புள்ள நடிக்குதா?"

அதற்குப் பிறகு ஒரு வருடம் பேச்சில்லை. போன வாரம்தான் தர்மேந்திரன் போன் செய்தான். "அக்கா, தீபாவளிக்கு வாரோம். பிரமிளா ஒத்துக்கிச்சு. ஆனா அரை மணி நேரந்தான். பாப்பாவுக்குச் சாப்பாடு நாங்களே கொண்டாந்துருவோம். தண்ணிகூட."

"பாப்பா நல்லா இருக்கா?"

"இருக்கா. இப்பவும் அப்பப்ப வயிறு வலிக்குதுங்குறா. வீட்டுல கோதுமையே இல்லக்கா. டாக்டருக்கே புரியல."

சாப்பாடு கொண்டுவருவதை அவள் பொறுத்துக்கொண்டாள். தண்ணீர்கூட என்றதுதான் நெஞ்சில் நின்றது. ஒரு துண்டாவது அந்தப் பிள்ளை இந்த வீட்டில் தின்ன வேண்டும், தின்றுவிட்டு நன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருடம் இந்த அரை மணி நேரமும் இருக்காது.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள் புஷ்பலதா. பதினேழு வயதில் ரப்பர் பால்மரம் வெட்டப் போனாள். தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனை எண்ணெய்க்கு மாறி, தொழிலாளர் லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது ஈப்போவுக்கு வந்தாள். இருபத்தொரு வருடமாகக் கையுறைகளைச் சோதிக்கிற வேலை. கையுறையில் காற்றை நிரப்பி வெளிச்சத்தில் பிடித்து ஊசிமுனை ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பாள். ஒன்றில் இருந்தால் அந்தப் பெட்டி முழுவதும் ஒதுக்கப்படும். அந்தக் கண் பிசகாது என்று சூப்பர்வைசரே சொல்வார்.

அதே கண்ணோடுதான் இந்த வாரம் சாமான் வாங்கினாள். தான் படித்தது போதாதென்று மூலைக்கடை சக்கீனா அக்காவையும் ஒவ்வொரு பாக்கெட்டாகப் படிக்கச் சொன்னாள். "தெப்போங் கண்டும்னு எங்கயாச்சும் போட்டிருக்கா பாருங்கக்கா." கோதுமை மாவுக்கு மலாயில் அதுதான் பெயர். சக்கீனா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "என்னலா புஷ்பா, கஸ்டம்ஸ் ஆபீசர் மாதிரி பிடிக்குற. இது சீனிலா, சீனி! இதுலயுமா கோதுமை இருக்கும்?" என்றாள். இருந்தாலும் படித்தாள். சீனி பாக்கெட்டையும் படித்தாள்.

புதுக் கையுறை மாட்டிக்கொண்டு அரிசி மாவு, பொட்டுக்கடலை மாவு, வெண்ணெய், சீரகம், ஓமம் எல்லாம் போட்டுப் பிசைந்தாள். முறுக்கு ருசியில் பிஸ்கட். ஷர்மினிக்கு முறுக்கு என்றால் உயிர். ஒரு வருடமாக அதைத் தொடவில்லை. எலுமிச்சை அளவு உருட்டிக் கட்டக்கட்டமான இரும்பில் வைத்து மூடியை அழுத்தினாள். நாலு நிமிடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. சூட்டில் குழைந்து, ஆறியதும் மொறுமொறுவென்று ஆனது. முதல் ஐந்தையும் புது வாழை இலையில் வைத்து, வாய் படாமல் சாமிக்குப் படைத்தாள். பத்துமலை கற்பூரம் காட்டினார்.

ஆறாவதை வாயில் போட்டாள். உப்பு மறந்திருந்தது. முறுக்கு வாசமும் இல்லை. மீதி மாவில் உப்பைப் போட்டாள். மேல் தட்டிலிருந்து மஞ்சள் டப்பாவை எடுத்து இரண்டு சிட்டிகை பெருங்காயத்தையும் போட்டுப் பிசைந்தாள். அடுத்தது வாயில் கரைந்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. அப்படியே முறுக்கு. பத்தரை மணிக்குள் நாற்பத்தோரு பிஸ்கட் ஆகிவிட்டது.

போன் சிணுங்கியது. சிம்பாங் பூலாய் தாண்டிட்டோம் என்று தர்மேந்திரன் அனுப்பியிருந்தான்.

பிரமிளா கேட்பாள் என்று தெரியும். போட்ட சாமான்களின் பாக்கெட்டுகளை எல்லாம் மேசையில் எழுத்துப் பக்கம் தெரிய வரிசையாக நிறுத்தினாள். அரிசி மாவு. பொட்டுக்கடலை மாவு. வெண்ணெய் சுற்றிய தாள். சீரகம். ஓமம். உப்பு. கடைசியாக மஞ்சள் டப்பாவை வைக்கும்போது அதன் பின்பக்கத்தையும் பார்த்தாள். எறும்பு எழுத்து. டப்பாவை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

கோந்து. தெப்போங் கண்டும். பெருங்காயம்.

மறுபடி படித்தாள். எழுத்து மாறவில்லை. போன வருட முறுக்கிலும் இதுதான், இதே டப்பாதான். அப்படியானால் மாரியாத்தா மேல் செய்த அந்தச் சத்தியம்?

"என்னா புஷ்பா, பேயடிச்ச மாதிரி நிக்குற?"

டப்பாவை நீட்டினாள். பத்துமலை படித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"ரெண்டு சிட்டிகைல எவ்ளோ கோதுமை இருந்துறப் போகுது? ஊசிமுனை அளவு."

"ஊசிமுனை ஓட்டைக்குத்தான் அங்க பெட்டியையே தூக்கி வைக்கிறோம்." பிஸ்கட் தட்டைக் குப்பைப் பையில் கவிழ்த்தாள். கட்டக்கட்டமாக அழகாக விழுந்தன. வாஃபல் பெட்டியை இழுத்து ஓரமாக வைத்தாள். இனி அதுவும் கோதுமை பட்ட சாமான்தான்.

பத்துமலை குரலைத் தாழ்த்தினார். "சரி, கொட்டிட்ட. ஏன் கொட்டினேன்னு சொல்லாத. மெஷின் ரோசாக்காயிருச்சு, கெட்டுப்போச்சுன்னு சொல்லு. சாமிகிட்ட அஞ்சு இருக்கு, அதக் குடு. போன வருசத்தக் கிளறாத. சத்தியம் பண்ணது நீ."

நல்ல யோசனைதான். ஐந்தும் உப்பு மறந்த முதல் மாவு, பெருங்காயம் படாதவை. ஒரு வார்த்தை சொல்லாமல் கொடுத்துவிடலாம். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, அவள் பெயரும் கெடாது. கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அப்போதுதான் தம்பி போனில் சொன்னது நினைவுக்கு வந்தது. இப்பவும் அப்பப்ப வயிறு வலிக்குதுங்குறா.

அவள் டப்பாவைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

பிரமிளா செருப்பைக் கழற்றி வாசலில் வைத்தாள். ஷர்மினியின் தோளைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை. பிள்ளையின் முதுகில் தண்ணீர் பாட்டில் தொங்கியது.

"தீபாவளி வாழ்த்துக்கள் அண்ணி."

"பிரமிளா, உள்ள வாரதுக்கு முன்னாடி இதப் படி. போன வருசம் நான் பண்ணது பொய்ச் சத்தியம். தெரியாமத்தான் பண்ணேன். ஆனா பொய்தான். முறுக்குல இதப் போட்டேன்."

பிரமிளா டப்பாவை வாங்கினாள். திருப்பினாள். புஷ்பலதா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்துவாள், திரும்பி நடப்பாள் என்று எதிர்பார்த்தாள். பிரமிளாவின் உதடுதான் மெல்ல வெளுத்தது.

"அண்ணி." டப்பாவின் எழுத்தை விரலால் தொட்டாள். "எங்க வீட்டு ரசத்துல... சாம்பார்ல... இதே டப்பாதான்."

தர்மேந்திரன் படியிலேயே நின்றுவிட்டான். "தினமுமா?"

"பெருங்காயத்த யாருங்க படிச்சுப் பாப்பா!" பிரமிளா அவன் மேல் பாய்ந்தாள். பாய்ந்த வேகத்தில் அழுகை வந்துவிட்டது. வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். "ஒரு வருசமா எல்லார் வீட்டுச் சாப்பாட்டயும் சந்தேகப்பட்டேன். எங்கையால நானே ஊத்தியிருக்கேன்."

ஷர்மினி பெரியவர்களை மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். "அத்தை, முறுக்கு வாசம் வருது."

புஷ்பலதா உள்ளே போய் வாழை இலையோடு வந்தாள்.

"இது அஞ்சும் பெருங்காயம் போடுறதுக்கு முன்னாடி சுட்டது. வாஃபல் பெட்டி இன்னிக்கு வரைக்கும் பிரிக்காதது. குடுக்குறதும் குடுக்காததும் உன் இஷ்டம்."

பிரமிளா கண்ணைத் துடைத்தாள். விசாரணை தொடங்கியது. மாவு எங்கே வாங்கினது? கையுறை போட்டிருந்தீங்களா? இலையில பக்கத்துல என்ன இருந்துச்சு?

"வெத்தல, வாழப்பழம். வேற ஒண்ணும் இல்ல." அதே வார்த்தைதான், போன வருடம் சொன்னது. சொன்ன பிறகுதான் புஷ்பலதாவுக்கு அது உறைத்தது. "மேசைல பாக்கெட்டெல்லாம் இருக்கு. நீயே படி."

பிரமிளா ஒவ்வொன்றாகப் படித்தாள், உப்பு வரைக்கும். பிறகு ஒரு பிஸ்கட்டை உடைத்துப் பாதியை மகளிடம் கொடுத்தாள். மணி பதினொன்று இருபது.

ஷர்மினி மென்றாள். மறு பாதியையும் வாங்கி மென்றாள். "அத்தை, உப்பே இல்லலா."

"சாமியே ஒண்ணும் சொல்லாமச் சாப்பிட்டாரு, ஒனக்கு என்னா?" என்றார் பத்துமலை. தர்மேந்திரன் மட்டும் சிரித்தான்.

"ரெண்டு மணி நேரம் பாக்கணும்," என்றாள் பிரமிளா. நாற்காலியை மகளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அதுவரைக்கும் எங்கயும் போறதா இல்ல. அண்ணி, தண்ணி குடுங்க."

புஷ்பலதா தண்ணீர் கொண்டுவந்தாள். பன்னிரண்டு ஆனது. ஷர்மினி தொலைக்காட்சி பார்த்தாள். ஒருமுறை வயிற்றில் கை வைத்தாள். நாலு பேரும் எழுந்துவிட்டார்கள். பாவாடை நாடா இறுகியிருந்தது, அவ்வளவுதான். பன்னிரண்டே முக்கால். ஒன்று. அதற்குப் பிறகு கடிகாரத்தைப் பார்க்காமலிருக்க புஷ்பலதா அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள், பிள்ளையின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு.

ஒன்று இருபத்தைந்துக்கு ஷர்மினி திரும்பினாள். "இன்னொண்ணு இருக்கா அத்தை?"

புஷ்பலதா பிரமிளாவைப் பார்த்தாள். பிரமிளா கடிகாரத்தைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

"எடுத்துட்டு வாங்க அண்ணி," என்றாள். "வரும்போது அந்த உப்பு பாக்கெட்டயும்."