போறோம் என்று சொன்ன வாய்

வீட்டில் அவளுக்கு மேனேஜர் என்று பெயர். வைத்தவன் தம்பி. சம்பளமில்லாத, லீவு கிடைக்காத, திட்டு மட்டும் தவறாமல் கிடைக்கிற ஒரு வேலைக்கு இப்படிப் பட்டம் சூட்டிவிட்டால் சும்மா இருக்குமா? ஒட்டிக்கொண்டது. அம்மாவின் கண் சொட்டு மருந்து எங்கே, குழாய் ரிப்பேர்காரர் நம்பர் என்ன, தங்கையின் கல்யாண ஆல்பம் எந்தப் பரணில் கிடக்கிறது, எல்லாவற்றுக்கும் மேனேஜரைத்தான் கேட்க வேண்டும். அவள் குளித்துக்கொண்டிருந்தாலும் கதவைத் தட்டிக் கேட்பார்கள்.

அப்பா போனபோது அவள் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். சாவு வீட்டில் ஏதோ ஒரு சித்தப்பா, "நீ பாத்துப்பேல்லம்மா" என்று தோளைத் தட்டிவிட்டு வண்டியைப் பிடித்துப் போய்விட்டார். அன்றைக்குப் பார்க்க ஆரம்பித்தவள்தான். ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலைக்குச் சேர்ந்தாள். லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துத் தேய்த்து பிரேமுக்குள் உட்கார வைப்பது, பிரேமைச் சூடு காட்டி வளைத்து ஆளின் காதுக்கு ஏற்ற மாதிரி நிமிர்த்துவது, இதுதான் வேலை. கொஞ்சம் கூடத் தேய்த்துவிட்டால் லென்ஸ் பிரேமுக்குள் ஆடும். கொஞ்சம் விட்டுவிட்டால் உள்ளேயே போகாது. ஊரில் பாதிப்பேர் அவள் கைபட்ட கண்ணாடி வழியாகத்தான் உலகத்தைப் பார்க்கிறார்கள். அவள் பார்த்த உலகம் அந்தப் பின்னறை.

தம்பி படித்தான். தங்கைக்கும் பிறகு அவனுக்கும் கல்யாணம் ஆயிற்று. இவளுக்கும் வரன்கள் வந்தன. ஒவ்வொரு வரனோடும் தள்ளிப்போட ஒரு காரணமும் கூடவே வந்தது. பிறகு இரண்டும் வருவது நின்றுபோயிற்று. அதற்காக அவள் உட்கார்ந்து அழவில்லை. அழ நேரம் யார் கொடுத்தார்கள்?

ஊர் சுற்றாதவள் என்றும் சொல்லிவிட முடியாது. மலைக்குப் போயிருக்கிறாள், கடலுக்குப் போயிருக்கிறாள், எல்லாம் குடும்பத்தோடு. கடலைப் பார்த்தாயா என்று கேட்டால் பார்த்தேன் என்பாள். உண்மையில் அவள் பார்த்தது, மணலில் கழற்றிப் போட்டுவிட்டு மற்றவர்கள் தண்ணீருக்கு ஓடிய செருப்புகளை. யாராவது ஒருவர் பை பக்கத்தில் இருக்க வேண்டாமா? அந்த யாராவது எப்போதும் அவள்தான். எந்தப் போட்டோவிலும் அவள் இருக்க மாட்டாள். எடுத்தவள் எப்படி இருப்பாள்?

இப்படி இருந்து இருந்து ஒரு வியாதி அவள் வாயில் வந்து குடியேறிவிட்டது. 'நான்' என்ற சொல்லே வராது. "வரோம்," "சாப்டுட்டோம்," "வாங்கிட்டோம்." ஒருமுறை பல் டாக்டரிடம் தனியாகப் போய் நாற்காலியில் சாய்ந்து, "எங்களுக்கு ரெண்டு நாளா கடவாப்பல் வலிக்குது டாக்டர்" என்றாள். டாக்டர் வாசலை எட்டிப் பார்த்தார், மீதி ஆள் எங்கே என்று.

சிரிக்க வேண்டிய விஷயம்தான். இந்த வாய்தான் கடைசியில் அவள் கழுத்தை அறுத்தது.

ஒரு நாள் கடைக்கு ஒரு பெண் வந்தாள். முதுகில் அவளைவிடப் பெரிய மூட்டை. மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் கழன்று கையில் இருந்தது. மேனேஜர் திருகாணியைப் பொருத்துவதற்குள் அவள் தன் பயணக் கதை முழுவதையும் சொல்லிவிட்டாள். கடல் தாண்டி ஒரு நாட்டில், முதுகில் பை மாட்டிக்கொண்டு சுற்றுகிறவர்களுக்கென்றே ஒரு பஸ் ஓடுகிறதாம்.

"ஒரு பாஸ் வாங்கிட்டா போதும்க்கா. பஸ் ஊர் ஊரா சுத்திட்டே இருக்கும். புடிச்ச ஊர்ல இறங்கிக்கலாம். ஒரு நாளும் இருக்கலாம், ஒரு வாரமும் இருக்கலாம். கெளம்பணும்னு தோணுச்சுன்னா போன்ல சீட்டு போட்டுட்டு அடுத்த பஸ்ல ஏறிக்கலாம்."

"யாரையும் கேக்க வேண்டாமா?"

"யாரைக்கா கேக்கணும்?"

மேனேஜர் கையிலிருந்த திருகாணி கீழே விழுந்தது. கடுகை விடச் சின்னது அது. மேஜைக்கடியில் தவழ்ந்து தேடி எடுத்தபோது அவள் முகத்தில் இருந்த சிரிப்பை யாரும் பார்க்கவில்லை, நல்லவேளை.

அதற்குப் பிறகு சாப்பாட்டு வேளையெல்லாம் போனும் கையுமாகத்தான் இருந்தாள். பாஸ் எத்தனை மாதம் செல்லும், பஸ் ஒரே திசையில்தான் சுற்றும் என்பதால் விட்ட ஊருக்குத் திரும்ப முடியுமா, பெண்களுக்கென்று தனி அறை உள்ள விடுதி எந்த ஊரில் இருக்கிறது, எந்தப் பகுதிக்கு முன்கூட்டியே சீட்டுப் போடாவிட்டால் மாட்டிக்கொள்வோம், எல்லாம் தலைகீழ்ப் பாடம். அந்தப் பாதையில் ஓர் ஏரிக்கரை ஊர் இருந்தது. சுற்றிலும் மலை, நடுவில் தண்ணீர், கரையில் ஒரு மரப் பெஞ்சு. அந்தப் பெஞ்சில் மடியில் ஒரு பையும் இல்லாமல், போதும் என்று தோன்றும்வரை உட்கார வேண்டும். அவளுடைய பயணத் திட்டம் மொத்தமே இவ்வளவுதான். மற்ற ஊர்களெல்லாம் அதற்குத் துணைக்கு.

முதலாளியிடம் லீவு கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"மூணு வாரமா? ஸ்கூல் திறந்துட்டா கூட்டம் அள்ளும். அதுக்கு முன்னால போயிட்டு வந்துரும்மா. ஆனா இந்த ஒரு தடவைதான். இன்னொரு தடவ கேட்டா என்னால முடியாது."

தலைகால் புரியாத சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்தாள். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்ச் செம்பை வைத்தபடியே சொன்னாள்:

"லீவு கெடச்சிருச்சு. ரெண்டு மாசத்துல வெளிநாடு போறோம்."

போறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டே இரண்டு எழுத்து. பாழாய்ப்போன வாய் சொல்லவில்லையே!

தம்பி எழுந்தே நின்றுவிட்டான். "அக்கா! நிஜமாவா?" தம்பி மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, சொல்லவே இல்ல பாத்தீங்களா!" அம்மா கைக்கவளத்தை இலையிலேயே போட்டுவிட்டு, வாயெல்லாம் பல்லாக, "என் வயசுக்கு ஏரோப்ளேனா!" என்றாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் மேனேஜர் செம்பை எடுத்துத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நாளைக்கு என்று ஒன்று அந்த வீட்டில் எப்போது சும்மா வந்திருக்கிறது?

விடிவதற்குள் போனில் 'நம்ம டூர்' என்று ஒரு குரூப் முளைத்திருந்தது. தங்கையும் தங்கை கணவரும் அதில் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தார்கள். எப்போதோ மலிவு டிக்கெட் வருகிறது என்று தம்பி கிளப்பிவிட்ட புரளியில் எல்லாருக்கும் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தது. அதற்கும் நாயாய் அலைந்தவள் மேனேஜர்தான். இப்போது அதுவே வினையாயிற்று.

அடுப்படியில் தம்பி மனைவியிடம் மெதுவாக ஆரம்பித்துப் பார்த்தாள். "இல்லம்மா, முதல்ல ஒருத்தர் மட்டும் போகலாம்னு..."

"நீங்க மட்டும் போய் இடத்தப் பாத்துட்டு வந்து, அப்புறம் எங்களக் கூட்டிட்டுப் போறதா? எதுக்கு அண்ணி ரெட்டைச் செலவு? ஒரேயடியா போயிருவோம்."

தலையிலடித்துக்கொள்ளலாம். அதையும் பாத்திரம் தேய்த்துக்கொண்டேதான் செய்ய வேண்டும்.

அம்மாவிடம் போனாள். அம்மாவுக்கு ஒரே கவலை. "அந்த பஸ்ஸு நிக்கிற எடத்துல எல்லாம் கக்கூஸ் இருக்குமா? கேட்டியா?"

"அம்மா, அது சின்னப் பசங்க போற பஸ்மா. விடுதில தூங்குறதுக்கு ஒண்ணுமேல ஒண்ணா இருக்கற கட்டில்ல ஏறணும். உனக்கு முட்டி மடங்காது."

"நீ கீழ படு, நான் உன் பக்கத்துல படுத்துக்கறேன். இதெல்லாம் ஒரு விஷயமா?"

தம்பியிடம் சொன்னால், "அக்காவுக்கு எப்பவும் டென்ஷன்தான், நான் பாத்துக்கறேன் விடு," என்பான். அவன் பார்த்துக்கொண்ட லட்சணம் ஊருக்கே தெரியும். பிறந்ததிலிருந்து அவன் செருப்பையே அவன் பார்த்துக்கொண்டதில்லை.

எல்லாரையும் விட மாப்பிள்ளைதான், அதாவது தங்கை கணவர், அவள் உயிரை வாங்கினார். எந்த விஷயத்தையும் இவர் தொடும்வரைதான் அது நன்றாக இருக்கும். பஸ்ஸைப் பற்றிக் கேட்டதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"எங்க வேணா இறங்கலாம், எப்ப வேணா ஏறலாம்னா அதுக்குப் பேரு பஸ்ஸா அண்ணி? ஒரு ஒழுங்கு வேணாம்?"

ஒழுங்கை அவரே கொண்டுவந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்து மேஜையில் விரித்தார். சுற்றிலும் குடும்பம். அதே பஸ் கம்பெனியில் குரூப் பாஸ் என்று ஒன்று இருக்கிறதாம். விலை குறைவு. ஒரே நிபந்தனை: எல்லாரும் சேர்ந்தே ஏற வேண்டும், சேர்ந்தே இறங்க வேண்டும்.

"இந்த ஏரி ஊர எடுத்துட்டேன்," என்றார் மாப்பிள்ளை. "தண்ணிய உக்காந்து பாத்துட்டு இருந்தா என்ன வரப்போகுது? ரோட்டுலேர்ந்தே தெரியுமாம். அந்த நாளக் கடைத்தெருவுக்குப் போட்டிருக்கேன்."

"ஆமா, நல்லா வாங்கலாம்," என்றாள் தங்கை.

மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பணம் கட்டிவிட்டால் முடிந்தது கதை. முதலாளி இன்னொரு லீவு தரமாட்டார். பெஞ்சு இருக்கும், ஏரி இருக்கும். இவள் பஸ்ஸுக்குள் அம்மாவுக்குப் பக்கத்தில் ஆறு பேர் பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடி வழியாக அதைக் கடந்து போவாள்.

"குரூப்புக்கு லீடர்னு ஒரு பேர் கேக்குது," என்றார் மாப்பிள்ளை தட்டிக்கொண்டே. "அண்ணி பேரப் போட்டுடறேன். எல்லார் பாஸ்போர்ட்டும் அவங்ககிட்டயே இருக்கட்டும். தொலைக்க மாட்டாங்க."

தம்பி மனைவி பாஸ்போர்ட்டுகளை அடுக்கி மேனேஜர் கையில் வைத்தாள். மேனேஜர் அந்த அடுக்கைப் பார்த்தாள். அதிலிருந்து தன்னுடையதை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு, மற்றதை மேஜைமேல் வைத்தாள்.

"நான் போறேன்," என்றாள்.

"எங்க போற? உக்காரு, இன்னும் முடியல," என்றான் தம்பி.

"அடுப்புல ஏதோ வேலை இருக்கும்," என்றாள் அம்மா.

"அடுப்புல ஒண்ணும் இல்ல. வெளிநாட்டுக்கு. நான் போறேன்."

மாப்பிள்ளையின் விரல் நின்றது. தம்பி மனைவிதான் முதலில் வாயைத் திறந்தாள். "நீங்கதான அண்ணி போறோம்னு சொன்னீங்க?"

"வாய் தவறிச் சொல்லிட்டேன்மா. சின்ன வயசுலேர்ந்து வாய் தவறிட்டே இருக்கு."

தம்பி மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு கேட்டான்: "அப்ப நாங்கன்னா உனக்கு அவ்வளவு பாரமா?"

இந்தக் கேள்விக்கு இல்லைடா கண்ணா என்று சொல்லித்தான் அவள் பழக்கம். அன்றைக்கு அது வரவில்லை.

"ஆமாடா. பாரம்தான். தூக்குறதுல எனக்கு வருத்தம் இல்ல. மூணே மூணு வாரம் இறக்கி வெக்கணும், அவ்வளவுதான். அதுக்குள்ள உங்கள யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க."

சொல்லும்போதே கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அழுகை இல்லை, எரிச்சல். இத்தனை எளிய வாக்கியத்தைச் சொல்ல இத்தனை பாடா!

"பொம்பள தனியா, அதுவும் தெரியாத ஊருல..." என்று இழுத்தார் மாப்பிள்ளை.

"தெரியாத ஊருக்குத்தான் மாப்ள போறாங்க. தெரிஞ்ச ஊர்ல என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டுப் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். போனை எடுத்தாள். எத்தனை பேர் என்று கேட்டது. ஒன்று என்று போட்டாள். உண்மையாகவா என்று கேட்காமல், காரணம் கேட்காமல், அது உடனே பாஸைக் கொடுத்துவிட்டது. அவள் வாழ்க்கையில் இவ்வளவு மரியாதை தெரிந்த ஒன்றை அதுவரை சந்தித்ததில்லை.

இரண்டு நாள் வீட்டில் யாரும் அவளோடு சரியாகப் பேசவில்லை. அம்மா கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள், அதுவும் சுவரைப் பார்த்து. சொட்டு மருந்தைத் தானே ஊற்றிக்கொள்கிறேன் என்று கன்னமெல்லாம் ஊற்றிக்கொண்டாள். மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டை மட்டும் பக்கத்தில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் அவள் கிளம்பும்போது அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப்பக்கம் மாப்பிள்ளை என்பது குரலில் தெரிந்தது. அவரிடம் மட்டும்தான் அம்மா இவ்வளவு மரியாதையாகச் சண்டை போடுவாள்.

"ஆமா மாப்ள... இல்ல மாப்ள, நாங்க போகல. பெரியவ போறா." அந்தப்பக்கம் அவர் ஏதோ கேட்டார். "ஆமா, தனியாத்தான் போறா. ஏன், என் பொண்ணுக்கு என்ன, கை கால் இல்லையா?"

மேனேஜர் செருப்பு மாட்டிய காலோடு அப்படியே நின்றுவிட்டாள். பெரியவ போறா. இந்த வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை அவள் கேட்டதே இல்லை. அவளைப் பற்றி எப்போது பேசினாலும் அம்மாவும் நாங்க, நாம என்றுதான் சொல்வாள். வியாதி எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அம்மா போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். முகத்தில் கடுகடுப்பு இன்னும் குறையவில்லை.

"என்ன நின்னுட்டு இருக்க? அந்த பஸ்ஸு நிக்கிற எடத்துல எல்லாம் கக்கூஸ் இருக்கான்னு கேட்டியா இல்லையா?"

"கேட்டுட்டோம்மா," என்றாள் மேனேஜர். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"கேட்டுட்டேன்."